பலூனுக்குள் என்ன இருக்கு? திருச்சி கடைவீதியில் வெடித்த சிலிண்டர் முதல் பொள்ளாச்சி வானில் பறந்த யானை வரை

புரட்டாசி சனிக்கிழமை துறையூர் பெருமாள்மலை அடிவாரம், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, தீபாவளி சீசனில் திருச்சி என்.எஸ்.பி. ரோடு. எங்கே கூட்டம் சேர்ந்தாலும் அந்தக் கொத்து தலைக்கு மேலே ஆடிக்கொண்டே இருக்கும். மீன், பட்டாம்பூச்சி, கார்ட்டூன் பொம்மை என்று பளபளக்கும் பலூன்கள். நூலை விட்டால் மேலே போய்விடும். அதனால்தான் குழந்தைகள் அதையே கேட்டு அடம்பிடிக்கும்.

வாங்கிக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உள்ளே அடைத்திருப்பது என்ன வாயு?

2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். திருச்சி மெயின்கார்டு கேட் அருகே ஜவுளிக்கடை வாசலில், பலூனுக்கு வாயு நிரப்பப் பயன்படுத்திய சிலிண்டர் வெடித்தது. அங்கே இருந்த ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். பக்கத்தில் நின்ற வாகனங்களும் சேதமாயின. சிசிடிவி காட்சி அன்று இரவே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. செய்திகளில் அது 'ஹீலியம் சிலிண்டர்' என்றே வந்தது.

பள்ளியில் வேதியியலை ஒழுங்காகக் கவனித்தவர்களுக்கு அங்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஹீலியம் எரியாத வாயு ஆச்சே, அது எப்படி வெடிக்கும்?

இதற்குப் பதில் சொல்ல, மனிதன் முதன்முதலில் வானத்தில் ஏறிய கதையைத் தொட்டாக வேண்டும். 1783-இல் பாரிஸில் நடந்த அதே போட்டிதான் இன்றைக்கும் கடைவீதியில் நடக்கிறது. சூடான காற்றா, ஹைட்ரஜனா? ஹீலியம் இந்தப் போட்டிக்குள் வந்தது ரொம்பப் பிறகு.

ஏன் மேலே போகிறது?

ஒரு கன மீட்டர் காற்று என்பது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டியில் அடங்கும் காற்று. சாதாரண வெப்பநிலையில் அதன் எடை சுமார் 1.2 கிலோ. காற்றுக்கு எடையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம்.

அதே பெட்டியில் ஹைட்ரஜனை நிரப்பினால் எடை 100 கிராமுக்கும் கீழே. ஹீலியம் என்றால் 170 கிராம் போல. வெளிக்காற்றை விட எவ்வளவு எடை குறைகிறதோ, அவ்வளவு எடையை அது தூக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோவைத் தூக்கும், ஹீலியம் சுமார் ஒரு கிலோவை. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதம்கூட இல்லை.

சூடான காற்று இந்த விஷயத்தில் சோப்ளாங்கி. வெளியே 20 டிகிரி, பலூனுக்குள் 100 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் தூக்குவது கால் கிலோதான். நாலு பேரை ஏற்றுகிற பலூன் நாலு மாடிக் கட்டடத்தைத் தாண்டி உயரமாக இருப்பது இதனால்தான். மனிதர்கள், கூடை, துணி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்த்து அறுநூறு, எழுநூறு கிலோவைத் தூக்க ஏறக்குறைய 3,000 கன மீட்டர் காற்று வேண்டும்.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அதே 3,000 கன மீட்டர் பலூன், வெளியே 10 டிகிரி குளிர் இருந்தால் 900 கிலோ வரை தூக்கும். 30 டிகிரி என்றால் 650 கிலோவுக்கே திணறும். நம்ம ஊர் வெயிலுக்கும் பலூனுக்கும் ஆகாது. பொங்கல் சமயத்தில், அதுவும் விடியற்காலையில் பலூன் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்து நாளில் இரண்டு பலூன்

மோன்ட்கோல்ஃபியர் சகோதரர்கள் பிரான்ஸில் காகிதம் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 1783 ஜூன் 4-இல் அனோனே என்ற ஊரில், துணியும் காகிதமும் சேர்த்துத் தைத்த பையைப் புகையால் நிரப்பிப் பறக்க விட்டார்கள். புகைக்குத்தான் தூக்கும் சக்தி என்று அவர்கள் நம்பினார்கள். தூக்கியது வெறும் சூடு. காரணம் தப்பு, பலூன் பறந்தது என்னவோ நிஜம்.

செய்தி பாரிஸுக்குப் போனது. ஜாக் சார்ல்ஸ் என்ற விஞ்ஞானி வேறு வழியில் யோசித்தார். இரும்புத் தூளில் கந்தக அமிலத்தை ஊற்றினால் வரும் ஹைட்ரஜன் காற்றை விடப் பல மடங்கு லேசானது என்று அப்போதே தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 27-இல் அவர் விட்ட ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் கொனேஸ் கிராமத்தில் போய் விழுந்தது. வானத்திலிருந்து எதுவோ வந்துவிட்டது என்று பயந்த கிராம மக்கள், வைக்கோல் வாரும் கவைக்கோலால் அதைக் குத்திக் கிழித்தார்கள். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

செப்டம்பரில் வெர்சாய் அரண்மனையில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் பறந்தன. நவம்பர் 21-இல் பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும் சூடான காற்று பலூனில் ஏறி, பாரிஸுக்கு மேலே சுமார் 25 நிமிடம் பறந்தார்கள். அடுத்த பத்தாவது நாள், டிசம்பர் 1-இல், சார்ல்ஸ் ஹைட்ரஜன் பலூனில் பறந்தார்.

ஹைட்ரஜனே ஜெயித்தது. அடுப்பு வேண்டாம், சின்ன பலூன் போதும், மணிக்கணக்கில் மிதக்கலாம். எரியும் என்பது ஒன்றுதான் குறை. முதலில் பறந்த ரோசியே, 1785-இல் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்க ஒரு விபரீத யோசனை செய்தார். மேலே ஹைட்ரஜன், கீழே அடுப்பு வைத்த சூடான காற்று. ஜூன் 15 அன்று கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பலூன் தீப்பிடித்து விழுந்தது. வானில் முதலில் பறந்தவரே வான் விபத்தில் முதலில் இறந்தவர்களில் ஒருவராகவும் ஆனார்.

அவர் யோசனை அடியோடு தப்பு என்று சொல்ல முடியாது. ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஹீலியத்தை வைத்து, அதே இரட்டை அமைப்பில் செய்த 'பிரெய்ட்லிங் ஆர்பிட்டர் 3' என்ற பலூன், 1999-இல் எங்கும் இறங்காமல் உலகத்தையே சுற்றி வந்தது. இந்த வகைக்கு இன்றும் ரோசியே பலூன் என்றுதான் பெயர்.

ஹீலியத்துக்கும் நம்ம மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

1868 ஆகஸ்ட் 18-இல் முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் ஜான்சன், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சென்னை வானியல் கூடத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அறிந்த தனிமங்களோடு ஒத்துவராத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் அந்தக் கோட்டை ஆராய்ந்தார். பூமியில் யாரும் பார்த்திராத புதுத் தனிமம் என்று முடிவாகி, சூரியனுக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள்.

ஜான்சன் கதையில் ஒரு சினிமாக் காட்சியும் உண்டு. 1870 டிசம்பரில் பாரிஸை ஜெர்மானியப் படை முற்றுகையிட்டிருந்தது. அல்ஜீரியாவில் தெரியும் அடுத்த கிரகணத்தைப் பார்த்தே ஆகணும் என்று, எரிவாயு நிரப்பிய பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டித் தப்பினார் மனுஷன்.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்தே எடுக்கலாம். ஹீலியத்தை அப்படித் தயாரிக்க முடியாது. பூமிக்கு அடியில் கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த வாயு அது. இயற்கை எரிவாயு எடுக்கும்போது கூடவே கொஞ்சம் வரும். அமெரிக்கா, கத்தார் மாதிரி சில நாடுகளில்தான் அது பெரிய அளவில் கிடைக்கிறது. இந்தியா பெரும்பாலும் இறக்குமதியை நம்பித்தான் இருக்கிறது.

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவிலும் ஹீலியம் உண்டு. அளவு 0.06 சதவீதம் போல, அதாவது பத்தாயிரத்தில் ஆறு பங்கு. அதைப் பிரித்தெடுக்க அணுசக்தித் துறையின் கீழ் உள்ள கொல்கத்தா ஆய்வு மையம் அங்கே ஒரு சோதனை ஆலையே வைத்துப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விக்க திரவ ஹீலியம் வேண்டும். ராக்கெட்டுக்கு வேண்டும், சிப் தொழிற்சாலைக்கு வேண்டும். இத்தனை பேர் போட்டி போட்டு வாங்கும் வாயு, திருவிழாவில் சில பத்து ரூபாய் பலூனுக்குள் எப்படிக் கட்டுப்படியாகும்?

பல இடங்களில் கட்டுப்படியாவதில்லை. பிரச்சினையின் வேர் அதுதான்.

'ஹீலியம் சிலிண்டர்' வெடிக்க இரண்டு வழி

ஒன்று, அழுத்தம். ஹீலியம் எரியாதுதான். சிலிண்டருக்குள் அது சாதாரணமாக 150 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். துருப்பிடித்த, அடிபட்ட, வருஷக்கணக்கில் அழுத்தச் சோதனை செய்யாத சிலிண்டர் வெயிலில் கிடந்து சூடானால், தீயே இல்லாமல் இரும்பு கிழிந்து பறக்கும். உள்ளே வெறும் காற்று இருந்தாலும் இதுதான் கதி.

இரண்டாவது வழி மோசமானது. பேர் ஹீலியம், உள்ளே ஹைட்ரஜன். சில இடங்களில் ஹைட்ரஜனை வெளியே வாங்குவதுகூட இல்லை, பழைய சிலிண்டருக்குள்ளேயே காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் தண்ணீரோடு போட்டு அங்கேயே வாயு 'தயாரிக்கிறார்கள்'. 1783-இல் சார்ல்ஸ் செய்ததன் தெருவோர வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், சார்ல்ஸ் அமிலம் ஊற்றியது திறந்த பீப்பாய் அமைப்பில், வாயு குழாய் வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. மூடிய சிலிண்டருக்குள் இந்த வினை நடந்தால் சூடும் அழுத்தமும் மாறி மாறி ஏறும், நிறுத்த வழியே கிடையாது. காஸ்டிக் சோடா வால்வையும் அரிக்கும். இதோடு ஹைட்ரஜனின் குணமும் சேர்ந்துகொள்ளும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே எரியும், 75 சதவீதம் வரை எரிந்துகொண்டே இருக்கும். பற்ற வைக்க தீக்குச்சி வேண்டியதில்லை, பாலிஸ்டர் சட்டையில் வரும் நிலைமின் பொறியே அதிகம்.

ஒரு வீடியோவைப் பார்த்து உள்ளே என்ன இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தீப்பந்து வந்ததா என்று பாருங்கள். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு அரசியல் பிறந்தநாள் கொண்டாட்டம். நூற்றுக்கணக்கான பலூன்களைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள். பட்டாசுப் பொறி பட்டதும் மொத்தமும் ஒரு நொடியில் நெருப்பாக மாறியது. நின்றவர்களுக்கு முகத்திலும் கையிலும் தீக்காயம். அப்படிப் பற்றி எரிந்தது என்றாலே உள்ளே ஹீலியம் இல்லை. 2012 மே மாதம் ஆர்மீனியாவின் யெரெவானில், தேர்தல் கூட்டத்துப் பலூன்கள் இதே மாதிரி எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

தனியாக ஒரு பலூன் எரிந்தால் ஒரு 'டப்', அவ்வளவுதான். ஆபத்து கொத்தில் இருக்கிறது, மூடிய இடத்தில் இருக்கிறது. கொத்து பலூனை காருக்குள் வைத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது, கேக் மெழுகுவர்த்திக்கு நேர் மேலே கட்டுவது, லைட்டருக்குப் பக்கத்தில் பிடிப்பது, இந்த மூன்றையும் தவிர்த்தாலே பெரும்பாலான விபத்து நடக்காது.

வாங்கும்போது கவனிக்க ரொம்ப இல்லை. சிலிண்டர் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறதா? உடம்பில் எழுத்து, சோதனைத் தேதி எதுவும் இல்லாமல் கண்டபடி பெயின்ட் அடித்திருக்கிறதா? வாயில் புனல் வைத்து எதையாவது போடுகிறார்களா, தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறதா? ஹீலியம் நிரப்பும்போது சிலிண்டர் சூடாகவே ஆகாது. சூடானால் உள்ளே ஏதோ 'சமைக்கிறது' என்று அர்த்தம். பலூன் வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவது உத்தமம்.

குரல் கீச்சென்று மாற ஹீலியத்தை உறிஞ்சும் ரீல்ஸ் விளையாட்டும் வேண்டாம். அது நுரையீரலில் ஆக்சிஜனுக்கு இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நேராக சிலிண்டரில் வாய் வைத்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு பலூன் விற்று வயிற்றைக் கழுவுபவர்கள்தான் அதிகம். வெடித்தால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான். எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016 இருக்கிறது, அதைக் கவனிக்க வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் இருக்கிறது. விபத்துக்கு அடுத்த நாள் வியாபாரியை விரட்டுவது எளிது. சோதனை செய்யாத பழைய சிலிண்டர் அவர் கைக்கு எந்தக் குடோனில் இருந்து வந்தது என்று தேடிப் போவதுதான் வேலை.

பொள்ளாச்சியில் பறப்பது எது?

ஜனவரியில் இன்ஸ்டாகிராமை நிரப்பும் அந்த ராட்சத பலூன்களுக்குள் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. வெறும் சூடான காற்று. இருநூறு வருஷம் ஹைட்ரஜனிடம் தோற்றுக் கிடந்த முறை திரும்ப வந்ததற்குக் காரணம் அமெரிக்கர் எட் யோஸ்ட். 1960 அக்டோபர் 22-இல் நெப்ராஸ்காவில், நைலான் துணியும் புரொப்பேன் பர்னரும் வைத்த பலூனில் அவர் பறந்து காட்டினார். புரொப்பேன் என்பது நம் வீட்டு சமையல் கேஸின் பங்காளி. வைக்கோல் எரித்த இடத்தில் ஒரு கைப்பிடி வால்வு வந்தது. வேண்டும்போது எரி, வேண்டாதபோது நிறுத்து. பலூன் திரும்ப ஒரு விளையாட்டானது அதற்கப்புறம்தான்.

தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா 2015-இல் பொள்ளாச்சியில் தொடங்கியது. 2025-இல் பத்தாவது விழாவை சென்னைக்கு அருகே திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை என்று மூன்று இடத்தில் நடத்தினார்கள். அந்த ஜனவரியில்தான் பெல்ஜியத்தின் யானை வடிவ பலூன் பொள்ளாச்சியில் கிளம்பி, மாநில எல்லையைத் தாண்டி, பாலக்காடு மாவட்டம் கன்னிமாரி பக்கம் வயலில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'பலூன் வழி தவறியது' என்று செய்தி பரபரத்தது.

உண்மையில் பலூனுக்கு வழி என்று ஒன்றே கிடையாது. ஸ்டீயரிங் இல்லை, பிரேக் இல்லை. பைலட்டால் செய்ய முடிந்தது மேலே போவதும் கீழே வருவதும் மட்டும்தான். வேறு வேறு உயரத்தில் காற்று வேறு வேறு திசையில் அடிக்கும். தனக்கு வேண்டிய திசையில் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதில் ஏறிக்கொள்வதுதான் வித்தை. ஷேர் ஆட்டோவுக்கு நிற்பது மாதிரி. நம்ம பக்கம் போகிற வண்டி வந்தால் ஏறிக்கொள்ளலாம், வராவிட்டால் வந்த வண்டி போகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

பொள்ளாச்சி இருக்கும் இடம் அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வாசல் அது. ஜனவரியில் வடகிழக்குக் காற்று அந்த இடைவெளி வழியாக கேரளா பக்கம் பாயும். யானை பாலக்காட்டுக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

போட்டி எப்படி நடக்கும்?

ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் என்ன ரேஸ்? சூடான காற்று பலூன் போட்டியில் வேகத்துக்கு வேலையே இல்லை. தரையில் ஒரு பெரிய குறி போட்டிருப்பார்கள். சில கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பி, அந்தக் குறியை நோக்கி மிதந்து வந்து, நீளத் துணி வால் கட்டிய சின்ன மணல் பையை மேலே இருந்து போட வேண்டும். குறிக்கு மிக அருகில் போட்டவர் ஜெயிப்பார். உலக அளவில் ஆடுபவர்கள் சென்டிமீட்டர் கணக்கில் மோதுவார்கள்.

வாயு பலூன் போட்டி வேறு ரகம். 1906-இல் பாரிஸில் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பையில் யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்களுக்கே வெற்றி. ஒரே ஹைட்ரஜன் நிரப்பலில் இரண்டு, மூன்று நாள் இரவு பகலாகப் பறப்பார்கள். மேலே போக மணலைக் கொட்டுவது, கீழே வர வாயுவைக் கொஞ்சம் திறந்துவிடுவது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. 1995 போட்டியில் பெலாரஸ் எல்லைக்குள் மிதந்துபோன அமெரிக்க பலூன் ஒன்றை அந்நாட்டு ராணுவ ஹெலிகாப்டர் சுட்டது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

இந்தியாவின் பெரிய சாதனை சூடான காற்றில்தான். 2005 நவம்பர் 26-இல் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா, தனது 67-வது வயதில் மும்பையில் கிளம்பி 21,027 மீட்டர் உயரம் தொட்டு நாசிக் பக்கம் இறங்கினார். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திறந்த கூடை அங்கே உதவாது, காற்றழுத்தம் பராமரிக்கும் மூடிய கேபினில் போனார்.

துறையூரில் விட்டால் எங்கே போகும்?

கற்பனைதான், ஆனால் கணக்கு நிஜம். ஜனவரி காலை ஆறரை மணி, துறையூர் பெரிய ஏரிக்கரை. காற்று வடகிழக்கில் இருந்து மணிக்கு 12 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் பலூன் தென்மேற்கே முசிறி சாலையில் பாதி தூரம் போயிருக்கும். ஒருபக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை என்று காட்சிக்குக் குறைவில்லை.

சிக்கலும் அங்கேயேதான். வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று தாறுமாறாக எழும்பும். அதனால் எட்டரை, ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். எங்கே இறங்குவது? பொங்கல் நேரத்தில் பல வயலில் அறுவடைக்கு நிற்கும் நெல், மற்ற இடத்தில் கரும்பு, வாழை, குறுக்கே மின்கம்பி. பலூன் பைலட்டுகளுக்குத் தீயை விடப் பெரிய எமன் மின்கம்பிதான். 2016 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் லாக்ஹார்ட் அருகே உயர் அழுத்தக் கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள். 2013-இல் எகிப்தின் லக்சரில் இறங்கும் நேரத்தில் தீப்பிடித்து 19 பேர். 2025 ஜூனில் பிரேசிலின் சாந்தா கத்தரினா மாநிலத்தில் நடுவானில் தீப்பிடித்து 8 பேர்.

'கயிறு கட்டித்தானே விடுறாங்க, பயமில்லை' என்று நினைப்பவர்கள் ராஜஸ்தானின் பாரனில் 2025 ஏப்ரலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தரையில் கயிற்றைப் பிடித்திருந்த ஊழியரை பலூன் திடீரென்று மேலே இழுத்தது. உயரத்தில் கயிறு அறுந்து அவர் விழுந்து இறந்தார். அதே செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் காந்தி சாகரில் முதல்வர் மோகன் யாதவ் ஏறிய பலூன், காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டதால் எழும்பவே முடியவில்லை. துணியின் கீழ்ப்பகுதியில் தீப்பிடித்தது, உடனே அணைத்தார்கள், அவருக்குக் காயம் இல்லை. 20 கிலோமீட்டர் காற்று பைக்கில் போகும்போது முகத்தில் தெரியவே தெரியாது. நாலு மாடி உயரத் துணிக்கு அது புயல்.

அதனால் டிக்கெட் எடுத்தவர்கள், 'காற்று சரியில்லை, இன்னைக்கு ரைடு இல்லை' என்று சொன்னால் சண்டை போடாமல் இருப்பது நல்லது. அப்படிச் சொல்கிற பைலட்தான் நல்ல பைலட்.

சட்டத்தில் பலூனும் விமானமே. 1934 விமானச் சட்டத்தின் விளக்கத்திலேயே பலூன் உண்டு, காற்றாடிகூட உண்டு! 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டத்தின் கீழும் ஆள் ஏற்றும் பலூனுக்கு டிஜிசிஏ அனுமதியும், பைலட்டுக்கு லைசென்ஸும் கட்டாயம். கல்யாண மண்டபத்திலோ ரிசார்ட்டிலோ யாராவது பலூனில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்தால், அந்த இரண்டையும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வயலில் விழும் 'மர்மப் பெட்டி'

ஹைட்ரஜன் பலூன் ஒன்று தினமும் நம் தலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. வானிலை மையத்துக்காரர்கள் சென்னை, காரைக்கால் மாதிரி இடங்களில் இருந்து காலை, மாலை ஐந்தரை மணியை ஒட்டி விடும் பலூன் அது. கீழே தொங்கும் சின்னப் பெட்டிக்குப் பெயர் ரேடியோசோண்ட். வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் ரேடியோ வழியாக அனுப்பிக்கொண்டே முப்பது கிலோமீட்டர் வரை ஏறும். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், பலூன் ஊதிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். புயல் எச்சரிக்கைக்கும் மழைக் கணிப்புக்கும் இந்தத் தகவல் இல்லாமல் முடியாது.

தென்மேற்குப் பருவ மாதங்களில் மிக உயரத்தில் பலமான கிழக்குக் காற்று வீசும். கடற்கரையில் விட்ட பலூனை அது உள்மாவட்டம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அப்புறம் 'வயலில் மர்மப் பொருள், கிராம மக்கள் பீதி' என்று ஒரு செய்தி, போலீஸ், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். 2022 டிசம்பரில் ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து போன ஸ்பெயின் நிறுவனத்தின் சோதனைக் கூண்டு ஒன்று, தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்து வயலில் இறங்கியபோதும் இதே கதை. பறக்கும் தட்டு வந்துவிட்டது என்று ஊரே திரண்டது. கொனேஸ் கிராமத்துக்காரர்களிடம் இருந்தது கவைக்கோல், இங்கே செல்போன்.

துறையூர், உப்பிலியபுரம் பக்கம் உங்கள் வயலிலும் ஒரு நாள் வெள்ளைப் பெட்டி, கிழிந்த ரப்பர், நூல், சிவப்பு பாராசூட் கிடக்கலாம். பலூன் மேலேயே வெடித்துவிட்டதால் வாயு எதுவும் மிச்சம் இருக்காது. பெட்டிக்குள் ஒரு பேட்டரியும் சென்சாரும்தான். மின்கம்பியில் சிக்கியிருந்தால் மட்டும் கை வைக்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.